வேகனுக்கு ஸ்பிரிங் போட்டால் அசையுமா?

கேள்வி
1:76 அளவில் பன்னிரண்டு நாலு சக்கர மாடல் சரக்கு ரயில் வேகன்கள் வைத்திருக்கிறேன். தண்டவாள இணைப்பைத் தாண்டும்போது செங்கல்லை இழுத்துக்கொண்டு போவது போல டக் டக் என்று போகின்றன. நிஜ வேகன் போல மேலும் கீழும் மெல்ல அசைந்து போக வேண்டும் என்பது என் ஆசை. உள்ளே ஸ்பிரிங் போட்டுவிட்டால் அது தானாக வந்துவிடும் என்பது என் கணிப்பு. சரிதானா?

மார்ச் 2
சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். இதே ஆசை எனக்கும் ரொம்ப நாளாக உண்டு. நிஜ சரக்கு ரயில் மெதுவாக யார்டுக்குள் வரும்போது ஒவ்வொரு வேகனும் இணைப்பில் முன்பக்கம் கொஞ்சம் குனியும், அப்புறம் பின்பக்கம் குனியும், பிறகு அடுத்த வேகன் அதையே செய்யும். மாடலில் அது வரவே வராது. ஒரு வேகனை இந்த வாரம் பிரிக்கப் போகிறேன். நடப்பதை இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 3
பிரிக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இதில் இரண்டு வழிகள் உண்டு, பலரும் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள்.

ஒரு வழியில் ஸ்பிரிங்கே கிடையாது. ஓர் அச்சு சட்டத்தோடு நிலையாக இருக்கும். மற்ற அச்சு நடுவில் ஒரு கம்பியின் மேல் ஊசலாடும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்குமே, அதே சூத்திரம். நாலு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தில் இருக்கும். ஆனால் நிலையான அச்சின் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் உடலும் அப்படியே சாயும்.

இரண்டாவது வழியில் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினாலும் உடல் பாதி அளவுதான் சாயும், ஏனென்றால் மற்ற மூன்று ஸ்பிரிங்கும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நான் செய்யப் போவது இதைத்தான்.

மார்ச் 7
ஒரு வேகன் முடிந்தது. சரியாக வரவில்லை.

செய்தது இதுதான். அச்சைத் தாங்கும் பித்தளைத் தகட்டில் செங்குத்தாக ஒரு காடி (நீள வெட்டு). அதற்குள் பேரிங் உட்கார்ந்த சின்னப் பித்தளைக் கட்டை மேலும் கீழும் வழுக்கும். கட்டையின் தலையில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக 0.3 மி.மீ. எஃகுக் கம்பி போகிறது. கம்பியின் இரண்டு முனைகளும் 20 மி.மீ. இடைவெளியில் சட்டத்தில் உள்ள இரண்டு காதுகளில் (துளையிட்ட சின்னத் தகடுகள்) நுழைகின்றன. வேகனின் எடை காதுகளை அழுத்தும், சக்கரம் நடுவில் எதிர்த்து நிற்கும், கம்பி வில்லாக வளையும். கம்பி நழுவி விழுந்துவிடக் கூடாது என்று முனைகளில் ஆளுக்கொரு சொட்டு சூப்பர் குளூ வைத்தேன்.

உடலை விரலால் அழுத்தினால் கல் மாதிரி நிற்கிறது. போதாக்குறைக்கு ஒரு மூலையில் பற்றவைக்கும் சால்டர் கோலின் சூடான முனை கம்பியில் பட்டுவிட்டது. அந்தக் கம்பி வலுவிழந்து, அந்த மூலை மட்டும் தாழ்ந்து நிற்கிறது.

மார்ச் 8
காரணம் தெரிந்துவிட்டது. பசைதான்.

முனைகள் துளைக்குள் தாராளமாக நகர முடிந்தால் கம்பி ஒரு விதமாக வளையும். முனைகளை இறுக்கிவிட்டால் அதே கம்பி நாலு மடங்கு விறைப்பாகிவிடும். கட்டடப் பொறியாளர்களுக்கு இது பழகிய கணக்கு: விறைப்புச் சூத்திரத்தில் வரும் எண், முனைகள் சும்மா தாங்கப்பட்ட உத்தரத்துக்கு 48, இறுக்கிய உத்தரத்துக்கு 192. அது போக, முனை நகரவே முடியாததால் கம்பி இழுபட்டு இன்னும் விறைக்கிறது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது முனைகளை வெளிப்பக்கம் லேசாக வளைத்து மட்டும் வைத்திருக்கிறேன். நழுவுவதில்லை, சிக்குவதும் இல்லை.

மார்ச் 9
யாரோ ஒருவர் எந்தக் கம்பி என்று கேட்டிருக்கிறார். எலெக்ட்ரிக் கிட்டார் கம்பிதான் எடுப்பதற்கு எளிது. சாதாரண செட்டின் மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. இன்னும் இளகிய செட்டில் 0.009, அதாவது 0.23. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் விறைப்பு, கனத்தின் நாலாம் அடுக்காக மாறுகிறது, அதனால் இந்தச் சின்ன வித்தியாசமே நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஆகிவிடுகிறது. நீளத்தின் விளைவும் இதே போலக் கடுமை, ஆனால் மூன்றாம் அடுக்கு.

என் வேகன் 50 கிராம். ஒரு சக்கரத்துக்கு 12.5 கிராம். 20 மி.மீ. இடைவெளி, 0.25 கம்பி, முனைகள் தாராளம் என்றால் நடுவில் 0.53 மி.மீ. தாழ வேண்டும்.

மார்ச் 10
நேற்றைய கணக்கைத் திருத்த வேண்டும். சக்கரமும் அச்சும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை, அவற்றின் எடை நேராகத் தண்டவாளத்தில் போகிறது. தராசில் வைத்தேன், இரண்டு ஜோடியும் சேர்ந்து 11 கிராம். ஆகவே ஸ்பிரிங் தாங்குவது 39 கிராம்தான். 0.53 என்பது 0.42 ஆகிறது. 0.23 கம்பிக்கு 0.58. நான் முதலில் போட்ட 0.3 கம்பிக்கு 0.20, அதையும் பசையால் இறுக்கியதால் 0.05, கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். கல் மாதிரி நின்றதில் ஆச்சரியமே இல்லை.

பாஸ்பர் வெண்கலக் கம்பி போடலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாகப் போடலாம், துருப்பிடிக்காது. ஆனால் எஃகின் விறைப்பில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதே கனத்தில் 0.76 வரை தாழும், அதனால் ஒரு சைஸ் கூட எடுங்கள்.

மார்ச் 10, இரவு
இன்னொரு திருத்தம். சால்டர் பட்ட கம்பி வலுவிழந்தது என்று 7-ஆம் தேதி எழுதியது சரியில்லை. எஃகைச் சூடேற்றி ஆறவிட்டால் விறைப்பு மாறுவதில்லை. வளைந்தபின் நிமிரும் எல்லைதான் குறைந்துபோகிறது. அதனால் கம்பி நிரந்தரமாகக் கோணிக்கொண்டது. நான் பார்த்த தாழ்வு அதுதான். தீர்வு என்னவோ ஒன்றே, கம்பியை மாற்ற வேண்டும். பற்றவைக்கும் வேலையை எல்லாம் முடித்து, அதற்குப் பூசிய அமிலத்தை நன்றாகக் கழுவிவிட்டு, கடைசியில் கம்பியைக் கோத்துவிடுங்கள். கழுவாவிட்டால் எஃகு சில நாளிலேயே பழுப்பேறும்.

மார்ச் 15
0.25 கம்பியோடு ஓடுகிறது!

முதலில் காகிதச் சோதனை. ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி இழுத்துப் பார்த்தேன். மாற்றாத வேகனில் ஒரு சக்கரத்தின் கீழிருந்து காகிதம் தானாக நழுவி வந்துவிட்டது. அந்தச் சக்கரம் ஒரு கால் குட்டையான மேசையைப் போல அந்தரத்தில்தான் நின்றிருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. மாற்றிய வேகனில் நாலு காகிதமும் ஒரே மாதிரி பிடிக்கின்றன.

அப்புறம் ஒரு சக்கரத்தின் கீழ் பிரிண்டர் காகிதத்தை ஐந்தாக மடித்து வைத்தேன், அரை மி.மீ. மேடு. பழைய வேகனில் ஒரு மூலை அப்படியே எழும்பியது. புதியதில் கட்டை காடிக்குள் மேலே ஏறியதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. கணக்குப் போட்டேன்: அந்த மேட்டில் சுமை குறையும் இரண்டு சக்கரங்களும் தலைக்கு 30 சதவீதம்தான் இழக்கின்றன, 70 சதவீதம் தண்டவாளத்தின் மேல் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது கேள்வி கேட்டவருக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டியது. வேகன் குனிந்து நிமிர்வது தெரியவில்லை. ஒரு மணி நேரம் தரையில் படுத்துக்கொண்டு, கண்ணைத் தண்டவாள மட்டத்தில் வைத்துப் பார்த்தேன். இல்லை. சத்தம் மட்டும் மாறியிருக்கிறது. முன்பு டக் என்று கூர்மையாக வந்தது, இப்போது தப் என்று அமுங்கி வருகிறது. உடல் முன்னைவிட அமைதியாகப் போகிறது. நான் கேட்டதற்கு நேர் எதிர்!

மார்ச் 16
இரவெல்லாம் இதே யோசனை. விடை புவியீர்ப்பில் இருக்கிறது.

ஸ்பிரிங் மேல் நிற்கும் எதுவும் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை, அது தன் எடையால் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்ற ஒரே எண்ணிலிருந்து கண்டுபிடித்துவிடலாம். நிஜ வேகன் 40 மி.மீ. தாழ்ந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டரை முறை ஆடும். கண் அதை ரசிக்கும். என் வேகன் 0.42 தாழ்கிறது, நொடிக்கு 24 முறை ஆடும். அது ஆட்டமாகத் தெரியாது, அதிர்வாகத்தான் இருக்கும். கண்ணுக்குச் சிக்காது, காதுக்குத்தான் கொஞ்சம் சிக்குகிறது.

இளக்கமான கம்பி போட்டால் என்ன? நொடிக்கு இரண்டரைக்கு வர வேண்டுமானால் மாடலும் 40 மி.மீ. தாழ வேண்டும். வேகனின் உயரத்துக்கு மேல்! வேகனை 76 மடங்கு சின்னதாக்கினோம், ஆனால் புவியீர்ப்பு அதே பழைய புவியீர்ப்புதான். சிறியது எப்போதும் படபடக்கும். யானை நடையும் சிட்டுக்குருவி நடையும் ஒன்றாக இருக்காதது போலத்தான் இது.

மார்ச் 22
கைவிடவில்லை. செல்போனில் நொடிக்கு 240 படம் எடுத்து, 30 ஆக ஓட்டினேன். எட்டு மடங்கு மெதுவாகிறது. நொடிக்கு 24 ஆட்டம் 3 ஆகிறது. இணைப்பில் 0.2 மி.மீ. படி ஒன்று வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

அதில் இருந்தது. முன் சக்கரம் ஏறுகிறது, உடலின் முன்முனை கொஞ்சம் தாமதித்து எழுகிறது, இறங்குகிறது, இன்னும் ஒரு சின்ன எழுச்சி, அதற்குள் பின்சக்கரம் ஏறிவிடுகிறது. நாலு நொடிக் காட்சி. இருபது தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். சின்ன வயதில் கேட் மூடியிருக்கும்போது நின்று பார்த்த அதே குனிவு.

சினிமாவில் மாடல் கப்பலையும் கட்டடத்தையும் படம் எடுப்பவர்கள் பயன்படுத்தும் கணக்குதான் இது. அளவின் வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை மடங்கு மெதுவாக்க வேண்டும். 76-க்கு 8.7. என் போனின் 8 பக்கத்தில் வருகிறது.

மார்ச் 23
நேற்று சொல்ல விட்டுப்போனது: வேகமும் அதற்கேற்ப வேண்டும். படம் எடுக்கும்போது வேகனை நொடிக்கு ஒரு மீட்டர் ஓட விட்டேன். அளவுக் கணக்கில் பார்த்தால் அது மணிக்கு 274 கிலோமீட்டர், மேசையில் பார்க்கச் சகிக்காது. மெதுவாக்கிய திரையில் 34 கிலோமீட்டராகத் தெரிகிறது, சரக்கு ரயிலுக்குப் பொருத்தம். மேசையில் நேரில் பார்ப்பதும் திரையில் பார்ப்பதும் வேறு வேறு ஓட்டம், இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பெற முடியாது.

இன்னொன்று, அந்த 0.2 படி. 76-ஆல் பெருக்கினால் 15 மி.மீ. நிஜ ரயில்பாதையில் அப்படி ஒரு படி இருந்தால் யாரும் ரயிலை அனுப்ப மாட்டார்கள். நம் பாதைகள் நாம் நினைப்பதைவிட மிகவும் கரடுமுரடு. ஸ்பிரிங் போடும் முன் இணைப்புகளை அரத்தால் ராவி மட்டமாக்குங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும்.

ஏப்ரல் 4
மூன்று வேகன் ஆயிற்று. மூன்றாவது மட்டும் ஒரு மேட்டைத் தாண்டியபின் ரொம்ப நேரம் நடுங்கியது (போனில் பார்த்தேன்). காடியை அகலமாக ராவிவிட்டேன், கட்டை எதையும் தொடாமல் ஆடுகிறது. நிஜ வேகனின் பட்டை ஸ்பிரிங் லாரியில் இருப்பது போல அடுக்கடுக்கானது. ஒரு பட்டை அடுத்ததன் மேல் உரசும், அந்த உராய்வுதான் ஆட்டத்தை அடக்கும். ஒற்றைக் கம்பிக்கு அந்த உராய்வு கிடையாது. காடியில் கட்டை லேசாக உரசுவதுதான் நமக்குக் கிடைக்கும் அடக்கம். புதிய தகடு போட்டு, கட்டை தன் எடையில் மெல்ல வழுக்கி இறங்கும் அளவுக்கு மட்டும் ராவினேன். நடுக்கம் இரண்டு ஆட்டத்தில் நிற்கிறது.

காடியில் துளி எண்ணெய் விடலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். தூசி சேர்ந்து சிக்கிவிடும். பென்சில் கரி போதும்.

ஏப்ரல் 6
இன்று ஒன்று கவனித்தேன், இதை எழுதத்தான் மனசு துடிக்கிறது.

மூன்று வேகன்களையும் கோத்து, மெதுவாக, நீளமான நேர்ப்பாதையில் விட்டேன். பின்னாலிருந்து பார்த்தேன். உடல்கள் இடமும் வலமும் மெல்ல, மிக மெல்ல நகர்கின்றன. படபடப்பு இல்லை. நிஜ வேகன் நகர்வது போலவே இருக்கிறது, போன் இல்லாமல், வெறுங்கண்ணுக்கு!

சக்கரம் உருளை அல்ல, லேசான கூம்பு. இருபதுக்கு ஒன்று சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் உருண்டு, அச்சைத் திருப்பி அனுப்பும். அப்படியே பாம்பு போல நெளிந்து போகும். 1883-இல் கிளிங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் இதற்குச் சூத்திரம் எழுதினார். அதில் வருவது சக்கரத்தின் ஆரம், தண்டவாள இடைவெளி, கூம்பின் சரிவு, இவ்வளவுதான். புவியீர்ப்பு அதில் இல்லவே இல்லை! நிஜ அச்சின் நெளிவு சுமார் 16.5 மீட்டர் நீளம், என் அச்சுக்கு 205 மி.மீ. அளவுப்படி மணிக்கு 40 கிலோமீட்டரில் நிஜத்துக்கு ஒரு நெளிவு ஒன்றரை நொடி, மாடலுக்கு 1.4 நொடி.

மேலும் கீழும் ஆடுவது அளவோடு ஒத்துவராது. பக்கவாட்டு ஆட்டம் ஒத்துவருகிறது. பழைய வேகன்களில் ஏன் இதைப் பார்க்கவில்லை என்றால், ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றதால் கூம்பு வேலை செய்ய வாய்ப்பே இல்லை. நாலும் தண்டவாளத்தில் உட்கார்ந்தபின் கூம்பு உயிர்பெற்றது என்பது என் முடிவு.

நிஜத்தில் இந்த நெளிவு விளையாட்டல்ல. 1967 ஜூலை 31 அன்று இங்கிலாந்தில் தெர்ஸ்க் அருகே ஒரு சிமெண்ட் ரயில் தடம்புரண்டு, பக்கத்துப் பாதையில் அதே திசையில் வந்த விரைவு ரயில் மோதி ஏழு பேர் இறந்தார்கள். தேய்மானத்தால் நாலு சக்கர வேகன் பக்கவாட்டில் கட்டுமீறி ஆடியதுதான் மூலம். அந்தக் காலத்தில் இத்தகைய வேகன்கள் அடிக்கடி தடம்புரண்டதால்தான் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் நடப்பதை அங்கே தீவிரமாக ஆராய்ந்தார்கள்.

ஏப்ரல் 7
நேற்றைய 205, தனி அச்சுக்கு. வேகனில் இரண்டு அச்சும் இணையாகப் பூட்டியிருந்தால் நெளிவு நீளும். 36 மி.மீ. அச்சு இடைவெளிக்கு 480 மி.மீ. வருகிறது, அதே வேகத்தில் 3.3 நொடி. நிஜத்திலும் இதே போல நீண்டு 34 மீட்டர் ஆகிறது, அதனால் ஒப்பீடு கெடவில்லை. காடியில் கட்டைக்கு முன்பின் கொஞ்சம் இடம் இருப்பதால் என் வேகன் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நான் எண்ணியபோது இரண்டு நொடிக்குக் கொஞ்சம் மேல் வந்தது.

ஏப்ரல் 19
சுமை பற்றி. ஒரு வேகனில் 20 கிராம் கரிச் சுமை வைத்தேன். 0.21 மி.மீ. இன்னும் தாழ்ந்தது. காலி வேகனை அதன் பக்கத்தில் நிறுத்தி, பஃபர் (வேகன் முனையில் துருத்தும் முட்டுத்தட்டு) மேல் நகத்தை வைத்து இழுத்தால் அந்தப் படி தட்டுப்படுகிறது. நிஜ யார்டிலும் சுமை வேகன் காலி வேகனைவிடத் தாழ்ந்துதான் நிற்கும். வேண்டுமென்று செய்ததல்ல, தானாக வந்தது, அதனால் இன்னும் பிடித்திருக்கிறது. கட்டை காடியின் மேல்முனையில் முட்டாமல் இருக்கிறதா என்று சுமையோடு பாருங்கள். முட்டினால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுதான்.

மே 2
போகி வேகன் (இரண்டு முனையிலும் தனியாகத் திரும்பும் நாலு சக்கரச் சட்டம் பூட்டிய வேகன்) பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மூன்று துண்டுப் போகி என்றால், இரண்டு பக்கச் சட்டமும் நடுவில் குறுக்குச் சட்டமும் தனித்தனி. பக்கச் சட்டங்கள் தனித்தனியே சாய முடிந்தாலே நாலு சக்கரமும் உட்கார்ந்துவிடும். அங்கே ஸ்பிரிங் பெரும்பாலும் கண்ணுக்குத்தான். ஒட்டி இறுக்கியிருந்தால் அந்த ஒட்டைத் தளர்த்துங்கள், வேலை முடிந்தது.

மே 11
முதலில் கேட்டவர் இப்போது தொடங்கலாமா என்று எழுதியிருக்கிறார். தொடங்குங்கள். பன்னிரண்டையும் பிரிக்காதீர்கள், எப்போதும் தடம்புரளும் ஒன்று இருக்குமே, அதை எடுங்கள். முதலில் மொத்த எடை, பிறகு சக்கர ஜோடிகளின் எடை, கழித்துக்கொள்ளுங்கள். 40 கிராமுக்குப் பக்கம் வந்தால் 0.25 கம்பி, 20 மி.மீ. இடைவெளி. 30-க்குக் கீழே என்றால் 0.23. முனைகளில் பசை வேண்டாம். கட்டை காடியின் நடுவில் நிற்கும்படி உயரத்தை வையுங்கள். முடித்ததும் காகிதப் பட்டையை நாலு சக்கரத்திலும் இழுத்துப் பார்த்து, எந்த மூலை நழுவியது என்று எழுதுங்கள்.